அக்கா இருந்த வண்டி

விழுப்புரத்தில் அக்காவும் மாமாவும் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளை இல்லை. மாமா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கா ரைஸ்மில்லில் வேலை பார்த்தவள். அவளுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. உமித் தூசியா, விறகடுப்புப் புகையா என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

மூக்கில் குழாய் வைத்துக்கொண்டு ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். கரண்ட் இருந்தால் ஓடும். இல்லையென்றால் கத்திவிட்டு நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஒரு டப்பாவில் இட்லி கொண்டுவந்திருந்தார். அதை அக்கா கையில் கொடுத்துவிட்டு மாமாவை வெளியே கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. எம் பொண்ணுக்கு இடம் பாத்துக்கினு இருக்கோம். மாப்ள வீட்டுக்காரங்க வந்து போற நேரம். வீட்ல ஒண்ணு ஆயிட்டா அவங்க இன்னா சொல்லுவாங்களோ, பயமா இருக்குது."

"சரிம்மா" என்றார் மாமா.

"உடனே இல்ல. ஒரு மாசம் ரெண்டு மாசம் எடுத்துக்கங்க."

"சரிம்மா."

எங்கள் பக்கத்தில் இது புதிது இல்லை. வாடகை வீட்டில் உயிர் போகக்கூடாது. போகிற மாதிரி இருந்தால் ஆஸ்பத்திரிக்கோ சொந்த ஊருக்கோ கொண்டுபோய்விட வேண்டும். ஆஸ்பத்திரியில் போனாலும் உடம்பை அந்த வீட்டில் வைக்க விடமாட்டார்கள். வேறு வீடு தேடலாம். மூக்கில் குழாயோடு இருக்கிறவளைப் பார்த்தால் எவன் கொடுப்பான். என் வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்றால், திண்டிவனத்தில் என்னுடையதும் வாடகை வீடுதான்.

அக்கா உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இட்லி நல்லா இருக்குதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

மாமாவுக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஊர். அப்பா வீடு தம்பி பங்குக்குப் போய்விட்டது. மாமா பங்குக்கு ஊர் ஓரத்தில் கொஞ்சம் இடம், முள் முளைத்துக் கிடந்தது. அதில் ஒரு வீடு எழுப்பிவிடலாம் என்றார் மாமா. அக்கா சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். வந்தது. நின்றபிறகு சொன்னாள்.

"செவுரு எழும்பற வரைக்கும் நான் இருக்கணுமே. வீட்ட எங்கியாவது கட்டி தூக்கிக்கினு வந்து வெச்சாத்தான் உண்டு."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு ஸ்கூல் வேன் ஓடாமல் நின்றிருந்தது. நீளமான வண்டி, உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அதை வாங்கி, லாரியில் கட்டி இழுத்து, திண்டிவனம் பைபாஸில் இருக்கும் என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். இறங்கி ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"மச்சான், இது உங்கக்கா வீடு."

நான் லாரி மெக்கானிக். ஆனால் வானூர் பக்கம் வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் சிலபேர் வீட்டு வண்டியில் வருவார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். வழியில் மக்கர் பண்ணினால் என் ஷெட்டில் நிற்கும். அதனால் அந்த வேலை எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த மாதிரி வண்டியில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் பண்ண. இன்னொன்று வீட்டுக்கு. விளக்கு, ஃபேன், தண்ணி மோட்டார் எல்லாம் அந்த வீட்டுப் பேட்டரியில் ஓடும். எஞ்சின் ஓடும்போது டைனமோ சுற்றி இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றும். நிறுத்தி வைத்தால் வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கலாம்.

எஞ்சினைப் பிரித்தேன். பிஸ்டன் ரிங் மாற்றினேன். ரேடியேட்டர் அடைத்துக் கிடந்தது, கழற்றிக் கழுவினேன். கியர் பாக்ஸில் இரண்டாவது கியர் போட்டால் வெளியே துள்ளியது. பல் தேய்ந்திருந்தது. திண்டிவனத்துக் காயலான் கடையெல்லாம் அலைந்து ஒரு கியர் கொண்டுவந்து போட்டேன். சீட்டெல்லாம் எடுத்துவிட்டுக் கட்டில் போட்டோம். ஜன்னல் ஓரம் அடுப்பு மேடை. கூரையில் தண்ணித் தொட்டி. கட்டிலுக்கு நேர் மேலே ஒரு சின்ன ஃபேன். ஆக்சிஜன் மெஷினுக்கு இன்வெர்ட்டர். ஒன்றும் வேலை செய்யாவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர்.

மாமா தினமும் விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். பெயிண்ட் அவரே அடித்தார். வெளியே என்ன நிறம் என்று அக்காவிடம் போனில் கேட்டார்.

"பஸ்ஸுக்கு அடிக்கிற கலரு மட்டும் வேணாம்" என்றாள்.

வாடகை வீட்டைக் காலி பண்ணினார்கள். ஊரில் மாமாவின் இடத்தில் இன்னும் முள் வெட்டவில்லை, கரண்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் அடிக்கடி போக வேண்டும். அதனால் கொஞ்ச நாள் வண்டி என் ஷெட் ஓரத்திலேயே நின்றது. ஷெட்டிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுத்தேன். அக்கா ஜன்னல் வழியாக பைபாஸைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அந்தப் பக்கம் போகும் அரசு பஸ் டிரைவர்கள் மாமாவைப் பார்த்து ஹாரன் அடிப்பார்கள்.

"இன்னா மனுசரு. வீடு மாறி வந்தும் ஹாரன் சத்தம் போவல" என்பாள்.

பிரச்சினை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் வந்தது. மாமா ஓட்டுவார். என் வீட்டுக்காரி பின்னால் அக்கா கூட உட்கார்ந்திருப்பாள். பாதி வழியில் மெஷின் கத்தும். வீட்டுப் பேட்டரி இறங்கிப்போயிருக்கும். என் வீட்டுக்காரி அவசரமாகக் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றுவாள். மாற்றுகிற நேரத்துக்குள் அக்கா உதடு கறுத்துவிடும்.

ஷெட்டில் வைத்துப் பார்த்தேன். எஞ்சினை உறுமவிட்டு மீட்டர் வைத்தால் சார்ஜ் சரியாக ஏறியது. பெல்ட் தளர்ந்திருக்குமோ என்று புது பெல்ட் போட்டேன். எர்த் ஒயரைச் சுரண்டி மாட்டினேன். பேட்டரி வீக் என்று வேறு பேட்டரி வைத்தேன். அடுத்த தடவையும் கத்தியது. டைனமோவைக் கழற்றிக் கார்பன் மாற்றினேன். அதற்கும் அடுத்த தடவையும் கத்தியது.

நானே ஓட்டிப் பார்க்கலாம் என்று அக்காவைக் கீழே இறக்கி ஷெட் கரண்டில் மெஷின் போட்டுவிட்டு, மெஷினுக்குப் பதிலாக அதே அளவு கரண்ட் இழுக்கும் பல்புகளை மாட்டிக்கொண்டு ஒலக்கூர் வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி நிறைந்து இருந்தது.

நான் ஓட்டினால் இறங்கவில்லை. மாமா ஓட்டினால் இறங்கியது. அப்படியும் எனக்குப் புரியவில்லை. மாமா என்னைவிட நல்ல டிரைவர். பள்ளம் மேடு தெரியாமல் ஓட்டுவார். அவர் ஓட்டும்போது ஒயர் ஆடவும் வழி இல்லை. அதனால் அந்தப் பக்கம் என் புத்தி போகவே இல்லை.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இனி கூட்டிவர வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. மாமா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்களாம்.

மாமா திரும்பி வந்து ஷெட் வாசலில் டயர் மேல் உட்கார்ந்தார்.

"ஊருக்குக் கூட்டிக்கினு போவணும் மச்சான். ஜல்தி போவணும். ஆனா இந்த வண்டிய நம்பி எப்பிடிப் போறது? ஆஸ்பத்திரி வரைக்கும் போறதுக்கே இந்தக் கத்து கத்துது. ஊருக்கு அதப்போல ரெண்டு பங்கு தூரம். சிலிண்டரு பத்தாது."

"ஆம்புலன்ஸ்ல கூட்டிக்கினு போய்டலாம் மாமா. வண்டிய அப்புறம் நான் கொண்டாரேன்."

"ஆம்புலன்ஸ்ல போயி எங்க எறக்கறது? முள்ளு மேலயா? தம்பி வீட்டுக்கு அவ வர மாட்டா. செத்தாலும் வர மாட்டா." சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "அது அவ வீடு. அதுலதான் போவணும். அது ஓடணும்."

"நாளைக்கு நான் பின்னாடி உக்கார்றேன்" என்றேன்.

பல்பு மாட்டிப் பார்த்ததில் பிடிபடவில்லை என்று, மறுநாள் காலையில் அக்காவையும் மெஷினையும் வைத்துக்கொண்டே விக்கிரவாண்டி பக்கம் கிளம்பினோம். நான் அக்கா கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தேன். வீட்டுப் பேட்டரியில் மீட்டரை மாட்டி மடியில் வைத்துக்கொண்டேன். சிலிண்டர் குழாயைக் கை எட்டும் இடத்தில் வைத்தேன்.

முதலில் மீட்டர் நன்றாக நின்றது. மாமா வேகம் எடுத்தார். அப்புறம் எஞ்சின் சத்தம் இறங்கியது. வண்டி அதே வேகத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. மீட்டரில் முள் கீழே வந்தது. கொஞ்ச தூரம் கழித்து எஞ்சின் உறுமியது. முள் மேலே ஏறியது. மறுபடியும் சத்தம் அடங்கியது. முள் இறங்கியது.

நிமிர்ந்து முன்னால் பார்த்தேன். மாமா கை கியர் மேல் இருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது.

பஸ் டிரைவர்கள் பழக்கம் அது. வேகம் பிடித்துவிட்டு கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். எஞ்சின் சும்மா ஓடும், வண்டி தானாக உருளும். டீசல் மிச்சமாகும். டெப்போவில் அதற்கு மைலேஜ் எடுப்பது என்று பேர். மாமாவுக்கு டீசல் மிச்சம் பண்ணியதற்காகக் கப்பு கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் அது ஒன்றும் செய்யாது. இந்த வண்டியில் செய்யும். எஞ்சின் சும்மா ஓடினால் டைனமோவும் சும்மா சுற்றும். மெஷின் இழுக்கிற அளவுக்குச் சார்ஜ் வராது. பேட்டரியிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். அதிலும் மாமா எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை, ஐட்லிங்கை, ரொம்பக் குறைத்து வைத்திருந்தார், அதுவும் டீசலுக்காக.

நான் மீட்டரைப் பார்த்தேன். அக்கா மெல்லக் கூப்பிட்டாள்.

"இப்பதான் கண்டுக்கினியா?"

"இன்னாக்கா?"

"அவரு கியர எடுத்தா ஃபேனு மெதுவா சுத்துதுடா. திரும்பப் போட்டா வேகமா சுத்துது. ரொம்ப நேரம் மெதுவா சுத்துச்சின்னா மெஷினு கத்தும். நான் நாள் முழுக்க இந்த ஃபேனத்தானே பாத்துக்கினு படுத்துக்கினு இருக்கேன்."

"மொதல்லேந்து தெரியுமா?"

"ரெண்டாவது தடவ போவும்போதே தெரியும்."

"ஏங்க்கா சொல்லல?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒரு வாக்கியம் முடிக்க அவளுக்கு இரண்டு மூன்று மூச்சு வேண்டும்.

"அந்தாளு வாழ்க்கையில வாங்குனது அந்தக் கப்பு ஒண்ணுதாண்டா. அதையும் நான் புடுங்கிக்கணுமா? எனக்கு மூச்சு வாங்க வெச்சது அவருதான்னு தெரிஞ்சா அப்புறம் அவரு இருப்பாரா? நான் போய்டுவேன். அவரு இருக்கணும்."

"சிலிண்டரு மாத்தறதுக்குள்ள உனக்கு இன்னா ஆவுதுன்னு..."

"எனக்குத் தெரியாதா? நீ மெக்கானிக்குதானே. அவருக்குத் தெரியாம வேற எதுனா பண்ணு. சொல்லாத. எம்மேல ஆண."

பண்ணினேன். அன்றைக்கே டைனமோவில் பெல்ட் ஓடும் சக்கரத்தை, புல்லியை, சின்னதாக மாற்றினேன். புல்லி சின்னதானால் டைனமோ வேகமாகச் சுற்றும். ஐட்லிங் ஸ்க்ரூவையும் ஏற்றி வைத்தேன். இனி நியூட்ரலில் விட்டாலும் ஓரளவு சார்ஜ் ஏறும். மாமாவிடம் டைனமோவில்தான் கோளாறு, சரியாகிவிட்டது என்றேன். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள்.

மறுநாள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் ஊருக்குக் கிளம்புவது என்று முடிவு பண்ணினோம். நான் மறுபடியும் பின்னால் உட்கார்ந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசை நின்றது. வண்டி நின்று நின்று நகர்ந்தது. அதைத் தாண்டியதும் மெஷின் கத்தியது.

குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினேன். ஓரம் கட்டச் சொன்னேன். ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் மாமா நிறுத்தினார். பானட்டைத் திறந்தேன். ஐட்லிங் ஸ்க்ரூ பழைய இடத்துக்கே இறக்கியிருந்தது.

"யாரு மாமா இதத் தொட்டது?"

"நாந்தான் காலையில எறக்கனேன். ரொம்ப ரெய்ஸாவே நின்னுச்சு. டீசல் வீணாப் போவுது மச்சான்."

பேட்டரி ஏற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, டீக்கடையில் ஒரு செங்கல் வாங்கி வந்து ஆக்ஸிலேட்டர் மேல் வைத்தேன். எஞ்சின் உறுமியது. உள்ளே ஃபேன் வேகமாகச் சுற்றத் தொடங்கியது. குழாயை மெஷினுக்கு மாற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை. எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மாமா, நியூட்ரல்ல வுடாதீங்க!"

"இன்னா?"

"நியூட்ரல்ல வுட்டா சார்ஜு ஏறல! மெஷினு அதனாலதான் நிக்குது! டைனமோ நல்லாத்தான் இருந்துச்சு!"

மாமா என்னையே பார்த்தார். நான் சொன்னது காதில் விழுந்தது. புரிய நேரம் எடுத்தது.

"எத்தினி நாளா?"

"மொதல்லேந்து!"

"அவளுக்குத் தெரியுமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவரும் பார்த்தார். நாங்கள் கத்தியது எல்லாம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மாமா டீக்கடை தண்ணி டிரம்முக்குப் போனார். முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். டீக்கடைக்காரர், "போதும் பெரியவரே, தண்ணி லாரி இன்னும் வரல" என்றார். மாமா சொம்பை வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினார். செங்கல்லை எடுத்து எனக்கு நீட்டினார்.

திரும்பி வரவில்லை. அப்படியே ஊருக்கு விட்டார். நான் போனில் அவர் தம்பியிடம் முள்ளை வெட்டி வைக்கச் சொன்னேன்.

விழுப்புரம் வரைக்கும் அக்கா என்னிடம் பேசவில்லை. மாமா கியரை எடுக்கவே இல்லை. வேகம் வேண்டாத இடத்திலும் மூன்றாவது கியரில் எஞ்சினைச் சத்தமாக வைத்து ஓட்டினார். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. ஒருத்தன் பக்கத்தில் வந்து, "யோவ் பெருசு, கியரு மாத்தத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அத்தனை வருசம் பஸ் ஓட்டியவர். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிக்னலில் நின்றபோதும் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்கவில்லை. டீசல் முள் இறங்குவது எனக்கே தெரிந்தது.

பின்னாலிருந்து அவர் தோள் தெரிந்தது. சட்டை ஈரமாக இருந்தது. முகம் கழுவிய ஈரம் அவ்வளவு நேரம் இருக்காது.

தென்பெண்ணைப் பாலத்தில் ஏறும்போது அக்கா முன்னால் பார்த்துக் கூப்பிட்டாள். மெதுவான குரல். எஞ்சின் சத்தத்தில் எப்படிக் கேட்டதோ, மாமா தலையைச் சாய்த்தார்.

"டிரைவரய்யா..."

"ம்."

"மைலேஜு இன்னா ஆவறது?"

மாமா பாலம் பாதி தாண்டியபிறகு சொன்னார்.

"மைலேஜு மண்ணாப் போவுது."

"பேஜாரு. கப்ப திருப்பிக் கேக்கப் போறான்."

"கேட்டா குடுத்துடு. அதுல நீ வறுத்த மல்லாட்டதானே கொட்டி வெச்சிருந்த."

அக்கா சிரித்தாள். இருமல் வந்தது. நான் முதுகைத் தடவிவிட்டேன். மூச்சு அடங்கியதும் என் கையைத் தட்டிவிட்டு, "நீ பேசாத" என்றாள். அதுதான் அவள் அன்றைக்கு என்னிடம் பேசியது.

ஊரில் மாமாவின் தம்பி ஆள் வைத்து முள்ளை வெட்டியிருந்தார். பக்கத்தில் இருந்த தன் கொல்லை மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுத்தார். மண் சமமாக இல்லை. ஒரு பக்கம் சரிந்தால் படுத்திருப்பவள் கட்டிலிலிருந்து நழுவுவாள். சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்து, ஒரு சொம்புத் தண்ணியை அடுப்பு மேடையில் வைத்து, தண்ணி ஒரு பக்கம் சாயாமல் நிற்கும்வரை பலகையை மாற்றி மாற்றி வைத்தேன். இருட்டுவதற்குள் முடிந்தது. தம்பி பெண்சாதி உள்ளே வந்து பால் காய்ச்சினாள். பொங்கும்போது அக்காவைத் தலையணை வைத்து உட்கார வைத்தோம். அவள் பார்த்தாள். எல்லாருக்கும் கொடுத்தபிறகு அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள்.

"எங்க வீட்டுப் பாலு" என்றாள்.

ஊர்ப் பெண்கள் தினமும் வந்து பார்த்தார்கள். கட்டிலைத் தொட்டுப் பார்த்தார்கள். குழாயைத் திருகித் தண்ணி வருகிறதா என்று பார்த்தார்கள். அக்கா படுத்தபடியே யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று மாமாவை ஏவிக்கொண்டிருப்பாள் என்று சொன்னார்கள். வாடகை வீட்டில் அவள் வாசலுக்கு வந்து யாரையும் கூப்பிட்டது இல்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போவேன். மோட்டார் கொட்டகையில் கரண்ட் நேரம் தவறி நிற்கும். அப்போது மாமா எஞ்சினை ஓடவிட்டு, தானே உட்கார்ந்து, கண்ணாடியில் பின்னால் சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருப்பார். ஐட்லிங்கை நான் ஏற்றிவிட்டிருந்தேன், மிதிக்கத் தேவையில்லை என்று சொன்னேன். அவர் காலை எடுக்கவில்லை. எண்ணெய் பார்த்தேன். ரேடியேட்டர் தண்ணி பார்த்தேன். ஓடாமல் நின்று உறுமும் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். ஃபேன் பெல்ட்டை இறுக்கிவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்தது அது.

கொல்லையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிற சமயத்தில் ஒரு காலை போன் வந்தது. மாமாவின் தம்பி பேசினார். போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வண்டிக்கு வெளியே பந்தல் போட ஆள் வந்திருந்தார்கள். உள்ளே மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மூக்கிலிருந்து எடுத்த குழாய் தலையணை மேல் கிடந்தது. அதிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. மாமா தொட விடவில்லையாம்.

நான்தான் ஸ்விட்சை அணைத்தேன். வண்டிக்குள் அவ்வளவு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபேனு சுத்திக்கினுதான் இருந்துச்சு மச்சான்" என்றார். "நல்லா வேகமாத்தான் சுத்திக்கினு இருந்துச்சு."

"தெரியும் மாமா."

விழுப்புரத்து வீட்டுக்கார அம்மா மாலையோடு வந்திருந்தார். அக்காவை உள்ளேயே வைத்து எல்லாரும் பார்த்துப் போனார்கள். அவரும் படி ஏறி உள்ளே வந்தார். அடுப்பு, கட்டில், ஜன்னல் திரை எல்லாவற்றையும் பார்த்தார். அப்புறம் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார்.

"நல்லபடியா முடிஞ்சுதாம்மா, பொண்ணு கல்யாணம்?" என்று மாமா கேட்டார்.

"இன்னும் இல்லண்ணா" என்றார் அந்த அம்மா.

காரியம் முடிந்தபிறகு நான் மாமாவைத் திண்டிவனத்துக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. வண்டியிலேயே இருக்கிறேன் என்றார். சொந்தமாக ஒரு கரண்ட் கனெக்‌ஷன் வேண்டும், தம்பி கொட்டகையை எத்தனை நாள் நம்புவது என்று கரண்ட் ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறார். கதவு எண் வேண்டும் என்றார்கள். கதவு எண்ணுக்குப் பஞ்சாயத்தில் கேட்டார். வந்து பார்த்தார்கள். தலையைச் சொறிந்தார்கள். சக்கரம் இருக்கிறவரைக்கும் இது வண்டிதான், இதற்கு எப்படி வீட்டு வரி போடுவது என்றார்கள். அவர்கள் சொன்னதும் தப்பில்லை.

மாமா எனக்குப் போன் பண்ணினார்.

"ஜாக்கி கொண்டாந்திரு மச்சான். சக்கரத்த எடுத்துடலாம். அவ பேர்லயே நம்பரு வாங்கணும்."

"செத்துப்போனவங்க பேர்ல தர மாட்டாங்க மாமா."

"கேப்போம்" என்றார்.

கருங்கல்லும் சிமெண்டும் அவரே வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு மூலையாக ஜாக்கி வைத்துத் தூக்கி, கல் அடுக்கிப் பூசி, சக்கரத்தைக் கழற்றினேன். டேங்கில் இருந்த டீசலை வடித்தேன். ரேடியேட்டர் தண்ணியைத் திறந்துவிட்டேன். நின்றுவிட்ட எஞ்சினில் தண்ணி இருந்தால் துருப்பிடிக்கும். எஞ்சினையும் எடுத்துக்கொள், உனக்கு உதவும் என்றார் மாமா. நல்ல எஞ்சின். என் கையால் கட்டியது. எடுக்கவில்லை.

சக்கரங்களை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஷெட்டுக்குள் வெயில் படாத இடத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு டயர் புதுசு மாதிரி இருக்கும். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்கள் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடுவேன்.

கதவு எண் இன்னும் வரவில்லை. மாமா மாதம் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.